அடங்கிப் போன புண்

சிவந்து வீங்கிய புண்ணைப் பார்த்தால் எனக்குப் பயம் வராது. எரிகிறது, வலிக்கிறது, தொட்டால் சுடுகிறது என்று யாராவது முனகினால், உடம்பு சண்டை போடுகிறது, போடட்டும் என்று விட்டுவிடுவேன். வலியும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல், ஆறித் தொலையாமலும், ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கிற புண்ணைக் கண்டால்தான் பயம். வீட்டில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், கோயில் யானைக்கு இன்றுவரை பயம். அதெல்லாம் பிறவியில் வந்தவை. புண்ணைப் பற்றிய இந்தப் பயம் மட்டும் என் அப்பாவின் இடுப்பிலிருந்து வந்தது.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. வாசலைத் தாண்டியதும் தறி, தறியைத் தாண்டினால்தான் அடுப்படி. நைனா பட்டுச் சேலை நெய்தார், அம்மா அவருக்கு நூல் சுற்றிக் கொடுத்தாள். நான் ஒரே பெண். தொண்ணூறுகளின் கடைசியில் ஏனாத்தூர்ப் பக்கம் பஸ்ஸில் போய் உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். அது என்ன படிப்பு என்று தெருவில் யார் கேட்டாலும் நைனா, "ரத்தத்த டெஸ்ட் பண்ற படிப்பு" என்று சொல்லிவிடுவார். நானும் திருத்தியதில்லை.

எங்கள் பக்கத்து ஆண்கள் இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டுவார்கள். கறுப்பு நூல் கயிறு, கடையில் வாங்குவது. வியர்வையிலும் தண்ணீரிலும் ஊறி ஊறி அது இற்றுப்போகும். புதியதைக் கட்டிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பழையதை அறுப்பார்கள். இந்த வரிசை மாறவே கூடாது. ஆண்பிள்ளையின் இடுப்பு ஒரு நொடிகூடக் கயிறில்லாமல் இருக்கக் கூடாது. இருந்தால் என்ன ஆகும் என்று சின்ன வயதில் கேட்டு அம்மாவிடம் வாயில் ஒரு அடி வாங்கியிருக்கிறேன். பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். செத்தவனைக் குளிப்பாட்டும்போதுதான் அந்தக் கயிற்றை அறுப்பார்கள்.

நைனா கடைக் கயிறு கட்ட மாட்டார். தறியில் மிஞ்சுகிற பட்டு இழைகளைச் சேர்த்துத் தானே முறுக்கிக்கொள்வார். பட்டு நெய்கிறவன் இடுப்பில் பருத்தியா என்று ஒரு வீம்பு. நூல் கயிறாக இருந்தால் அடிக்கடி இற்றுப்போகும், புதுக் கயிறு ஒவ்வொன்றும் அப்போதைய வயிற்றின் அளவுக்கு ஏறும். முறுக்கின பட்டு இற்றுப்போவதும் இல்லை, நீண்டுகொடுப்பதும் இல்லை. நைனாவின் கயிறு கட்டின நாளில் இருந்தபடியே இருந்தது. நைனாவின் வயிறுதான் அப்படி இருக்கவில்லை. போதாததற்கு அவர் வேலை வேறு அப்படிப்பட்டது. தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, நெய்த சேலை சுற்றிக்கொள்கிற படமரம் அடிவயிற்றில் உரச, காலையிலிருந்து சாயங்காலம் வரை முன்னால் குனிந்துகொண்டே இருக்க வேண்டும். கயிறு சதைக்குள் புதைந்தது. வலப்பக்கம், முடிச்சு இருந்த இடத்தில், தோல் கிழிந்து புண்ணாயிற்று.

எங்கள் தெருவில் எந்தத் தறிக்காரர் சட்டையைக் கழற்றினாலும் இடுப்பைச் சுற்றி ஒரு கறுத்த தடம் தெரியும். நைனாவின் புண்ணும் அந்தத் தடத்தோடு தடமாகிவிட்டது. அரித்தபோது அம்மா மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்து வைத்தாள். அதற்கு அடங்கவில்லை. நைனா மருந்துக்கடையில் சொன்னார், ஒரு களிம்பு கொடுத்தார்கள். சீட்டும் கேட்கவில்லை, புண்ணையும் பார்க்கவில்லை. ஓரிரு நாள் தடவியதும் சிவப்பு போயிற்று, அரிப்பு போயிற்று. விட்டால் திரும்ப வந்தது, தடவினால் திரும்பப் போனது. இப்படியே வருஷக்கணக்கில் ஓடியது. நைனாவுக்கு அந்தக் களிம்பின் மேல் குலதெய்வத்தின் மேல் இருக்கிற மரியாதை. ட்யூபைச் சப்பையாகப் பிதுக்கி முடித்த பிறகும் தூக்கிப் போடாமல், வயிற்றைக் கத்தரித்துப் பிளந்து, உள்ளே ஒட்டியிருப்பதை விரலால் வழித்துத் தடவுவார்.

கடைசி வருஷத்தில், கல்லூரியில் எங்களுக்குப் பாடம் நடத்திய மேடம் எனக்கு ஒரு ஆராய்ச்சி வேலை கொடுத்தார். அழற்சியை அடக்குகிற ஒரு புரதம், அனெக்சின் வகையைச் சேர்ந்தது. தோலில் வருகிற புற்றுக்கட்டிகளில் அந்தப் புரதம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். சதையை மெல்லிய சீவலாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றினால், புரதம் இருக்கிற இடமெல்லாம் பழுப்பாகத் தெரியும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மேடம் பாடத்தை மூடி வைத்துவிட்டுச் சாதாரணமாகப் பேசினார்.

"தெருவுல ஒரு வீட்ல சத்தம் கேட்டா கூட்டம் கூடுதில்ல, அதுதான் அழற்சி. அடிபட்ட எடத்துக்கு ரத்தத்துல இருக்கற செல்லெல்லாம் ஓடி வருது. செவக்குது, வீங்குது, சுடுது. வந்த வேலை முடிஞ்சதும், போதும்பா, கலைஞ்சு போங்கன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். இந்தப் புரதம்தான் அந்த ஆள்."

எனக்கு உடனே நைனாவின் களிம்பு ஞாபகம் வந்தது. ட்யூபில் பார்த்த பெயரைச் சொன்னேன்.

"ஸ்டீராய்டு," என்றார் மேடம். "அது செய்யற வேலைல ஒண்ணு, இந்தப் புரதத்த ஏத்தி விடறது. அதான் செவப்பு சட்டுனு அடங்குது."

எனக்கு ஒரே பெருமை. நைனா சும்மா ஒன்றும் களிம்பைக் கும்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மேடம் விடாமல் தொடர்ந்தார்.

"ஆனா கூட்டம் எதுக்காகக் கூடுச்சுன்னு பாக்காம கலைச்சு விட்டா? அந்த வீட்டுக்குள்ள நெஜமாவே திருடன் இருந்தா? புற்றுல இந்தப் புரதத்தோட வேலை என்னன்னு யாரும் இன்னும் அறுதியிட்டுச் சொல்லல. சில கட்டியில கொறஞ்சு கெடக்கு, சிலதுல கூடிக் கெடக்கு. காவக்காரனா, திருடனுக்குக் கூட்டாளியான்னு தெரியல. எடத்துக்கு எடம் மாறுது."

பிறகு, தோல் புற்று நம் ஊரில் யாருக்கு வரும் என்று சொல்லிக்கொண்டே போனார். வெளிநாட்டுக்காரர்களைப் போல வெயிலால் வருவது நமக்குக் குறைவு. பழைய தீக்காயத் தழும்பில் வரும். வருஷக்கணக்காக ஆறாத புண்ணில் வரும். வேட்டியோ பாவாடை நாடாவோ இறுக்கி இறுக்கிக் கட்டுகிற இடுப்பில் வரும்.

"இடுப்புன்னா எந்தப் பக்கம் மேடம்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பக்கம் என்ன கணக்கு என்றார்.  அன்று பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்து பையைக்கூடக் கழற்றாமல், "நைனா, எழுந்து மேல வா. இடுப்பக் காட்டு" என்றேன். அவர் தறியில் ஊடுநூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்தபடி சிரித்தார். "இன்னாமா, வந்ததும் வராததுமா" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் குழியிலிருந்து ஏறி வந்து வேட்டி மடிப்பைச் சற்றுத் தளர்த்தினார்.

அந்தக் கயிற்றுக்கு அடியில் இருந்ததை நான் அதுவரை நின்று பார்த்ததே இல்லை. பணியாரத்தின் ஓரம் மாதிரி சுற்றிலும் தடித்து எழும்பியிருந்தது. நடுவில் பள்ளம், ஈரம். லேசாக ஒரு நாற்றம். சிவப்பு மட்டும் துளியும் இல்லை. சுற்றியிருந்த தோல், ஒன்றுமே நடக்காதது போல, வெளுத்து மெலிந்து கிடந்தது.

"வலிக்குதா?"

"இல்லமா."

ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினேன். கட்டையாக இருந்தது.

"இப்ப?"

"கூச்சமா இருக்குது. வலியில்ல. வலிச்சாத்தானமா நோவு? களிம்பு போட்டுக்கினுதான இருக்கிறேன்."

நோயில்லை என்பதற்கு அவர் காட்டிய சாட்சிதான் என்னைக் கதி கலங்க வைத்தது. தெருவே வெறிச்சோடிக் கிடக்கிறது, உள்ளே யாரோ நிதானமாகச் சுவரை இடித்துக்கொண்டிருக்கிறார்கள், கூப்பிட ஒரு ஆளில்லை. எனக்கு அப்படித்தான் தோன்றியது. அன்று சாயங்காலம் நான் சாப்பிடவில்லை. அம்மா, பரீட்சையில் ஏதோ கோட்டை விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நைனாவை அழைத்துப் போவதில் சிரமம் இருக்கவில்லை. மகள் படிப்பு சம்பந்தமாக ஏதோ பார்க்க வேண்டும் என்கிறாள், போனால் போகிறது என்று இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். தோல் டாக்டர் அம்மாள் கையுறை மாட்டிக்கொண்டு புண்ணைப் பார்த்தார், இரண்டு தொடையிடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார், பேச்சைக் குறைத்துக்கொண்டார். 

"ஐயா, ஓரத்துல துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். மொதல்ல இந்தக் கயித்த எடுத்துடுங்க. இனிமே கட்டவும் கூடாது."

"சதைய எடுத்துக்குங்கமா. கவுற எதுக்கு எடுக்கணும்?"

"கயிறுதாங்க ஐயா புண்ணு."

நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்தார். நைனா வேட்டியை இறுக்கிக் கட்டினார், டாக்டரைக் கும்பிட்டார், வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.  பஸ் ஸ்டாண்டு டீக்கடைப் பக்கம் நின்றுதான் பேசினார்.

"எங்க நைனா செத்தப்ப அவரு கவுற நான்தாம்மா அறுத்தேன். மூத்த புள்ளைன்னு எங்கிட்டதான் கத்தரிக்கோல குடுத்தாங்க. அறுத்ததும் வயிறு அப்படியே தளர்ந்து வுழுந்துச்சு. அது எங்கண்ணுலயே நிக்குது. உசுரோட இருக்கிறவன் இடுப்ப வெறுசா வுடுவானா?"

எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் கத்தினேன். புற்று என்ற சொல்லை அங்கேதான் முதலில் உச்சரித்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

வீட்டில் அம்மாவாவது என் பக்கம் நிற்பாள் என்று நம்பினேன். அவள் புற்று என்றதற்குக் கலங்கினாள், கயிறு என்றதற்கு ஆடிப்போய்விட்டாள். கயிறு அறுந்த ஆணின் பெண்டாட்டி நிலைமை என்ன? அந்தக் கணக்கு அவளுக்கு என் புத்தகத்தைவிட நன்றாகத் தெரியும். "வேற எதுனா மருந்து கேளுடி. கவுற தொடாம பண்ண முடியாதா?" என்றாள். புதுக் கயிறு கட்டிவிட்டுப் பழையதை அறுக்கலாமே என்று யோசனை சொன்னாள். கட்டவே கூடாதாம் என்றேன். கொஞ்சம் மேலே கட்டினால்? கட்டவே கூடாதும்மா. கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

 ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று பேரும் பயந்துகொண்டிருந்தோம். அவர்கள் கத்தரிக்கோலுக்குப் பயந்தார்கள், நான் புண்ணுக்குப் பயந்தேன். இரண்டும் ஒரே சாவுக்குப் பயந்த பயம்தான். என்ன பிரயோசனம், ஆளுக்கொரு திசையில் இழுத்துக்கொண்டிருந்தோம். தறி ஓடிக்கொண்டே இருந்தது. படமரம் ஒவ்வொரு தடவை உரசும்போதும் உள்ளே ஒரு செல் இரண்டாகப் பிளப்பது போல எனக்குத் தோன்றும். படித்தவள் இப்படிக் கற்பனை பண்ணலாமா என்று தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், நான் பகல் வெளிச்சத்திலேயே அரண்டு கிடந்தேன். களிம்பு ட்யூபைக் கண்டபோதெல்லாம் எடுத்து ஒளித்து வைத்தேன். நைனா வேறு வாங்கி வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நைனா சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அம்மா தறிப் பக்கமிருந்து ஒரு கயிற்றோடு வந்தாள். பட்டு இழையில் அவளே முறுக்கியது, புதுசு. நைனாவின் முன்னால் நின்று, பாவாடை நாடாவுக்கு மேலே, தன் இடுப்பில் அதைக் கட்டினாள். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அரைஞாண் கட்டுவதில்லை. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா இது?" என்றார் நைனா.

"புதுசு கட்டிட்டுத்தான பழச அறுக்கணும்? கட்டியாச்சு. ஒங்க கவுறு எங்கிட்ட இருக்குது. புண்ணு ஆறட்டும், வாங்கிக்குங்க. இப்ப போய்ப் பழச அறுத்துட்டு வாங்க."

நைனா வெகுநேரம் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். இது செல்லுமா என்று யாரிடமும் போய்க் கேட்கவில்லை. அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அம்மாவின் இடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினார். நர்ஸ் கயிற்றை அறுத்தபோது கண்ணை மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவர் விரல் பதிந்த தடம் சாயங்காலம் வரை என் கையில் இருந்தது.

சதைப் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுதான். தோலின் மேலடுக்குச் செல்களில் கிளம்புகிற வகை. கவட்டில் நெறி இல்லை, பரவவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

இடைப்பட்ட நாட்களில் நான் ஒரு காரியம் செய்தேன். ஆஸ்பத்திரியில் கேட்டு, மேடமும் பேசி, நைனாவிடமும் சம்மதம் வாங்கி, அவர் சதையின் ஒரு சீவலை எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தேன். மற்றவர்களுடைய சீவல்களுக்கு ஏற்றிய அதே சாயத்தை அதற்கும் ஏற்றினேன். அவர் பிழைப்பாரா மாட்டாரா என்று அந்தப் புரதம் எனக்குச் சொல்லிவிடும் என்று நம்பினேன். ஜோசியக்காரனிடம் போகிறவர்களை நான் கிண்டல் செய்திருக்கிறேன். அன்று மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்தபோது எனக்கும் அவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஒரு ஓரத்தில் நல்ல தோல் இருந்தது. மேலடுக்குகளில் பழுப்பு ஒழுங்காகப் படிந்திருந்தது. கொஞ்சம் நகர்த்தினால் கட்டி ஆரம்பித்தது. அங்கே ஓரிடத்தில் திட்டாக அடர்ந்த பழுப்பு, அதை ஒட்டினாற்போல ஒன்றுமே ஏறாத வெளுப்பு. மறுபடி திட்டு, மறுபடி வெளுப்பு. ஒழுங்கு இல்லை. நான் திரும்பத் திரும்ப நகர்த்தினேன். மேடம் பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார்.

"இதுல பதில் இருக்காதும்மா. இருந்தா நம்ம ரெண்டு பேரும் இங்க ஒக்காந்துக்கினு இருக்க மாட்டோம்."

பாடம் நடத்தும்போது அவர் ஒக்காந்துக்கினு என்று எங்கள் தெருப் பேச்சைப் பேசி நான் கேட்டதில்லை. அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உடம்பைக் காக்க இருக்கிற ஒன்றே, அதே உடம்பில், அதே இடத்தில், காக்காமலும் போகும் என்பதை நான் ஏட்டில் படித்திருந்தேன். என் நைனாவின் சதையில் அதைக் கண்ணால் பார்த்தபோது இந்த உலகத்தில் எதை நம்பிக் காலை வைப்பது என்று நடுங்கினேன்.

ஆபரேஷனில் புண்ணைச் சுற்றி அகலமாக வெட்டியெடுத்து, தொடைத் தோலை எடுத்து அங்கே ஒட்டினார்கள். வெட்டியெடுத்த சதையின் ஓரங்களில் புற்று இல்லை என்று பிறகு சொன்னார்கள். நைனா தேறினார். தறியில் உட்காரும் பலகையை உயர்த்தி, படமரத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே துணி சுற்றிக்கொண்டு மறுபடியும் நெய்தார். ஒவ்வொரு தடவை பரிசோதனைக்குப் போகும்போதும் நெறி இருக்கிறதா என்று டாக்டர் அழுத்திப் பார்க்கிற நேரத்தில், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாச் சாமியையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டு வந்தார்கள். அந்த இடத்தில் இனி எப்போதுமே கயிறு கூடாது என்பதிலும் டாக்டர் உறுதியாக இருந்தார். அதனால், ஆறினதும் வாங்கிக்கொள்ள வேண்டிய கயிறு அம்மாவிடமே தங்கிவிட்டது.

அதை நான் மறந்தும் போனேன். படிப்பு முடிந்தது, சென்னையில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து ஒரு விடுமுறையில் வந்திருந்தேன். அடுப்படியில் மஞ்சள்பொடி டப்பாவைத் தேடிக் கையை விட்டபோது பின்னால் ஏதோ சப்பையாகத் தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன். அதே களிம்பு. பிதுக்கி முடித்து, வயிற்றைக் கத்தரித்துப் பிளந்திருந்தது.

 "நைனாவுக்குத் திரும்ப வந்துடுச்சா?" என்று ட்யூபை அம்மாவிடம் நீட்டினேன்.

"அவருக்கு ஒண்ணுமில்ல," என்றாள் அம்மா. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்குத்தான். சும்மா அரிப்பு."

கதவைச் சாத்திவிட்டு அவள் இடுப்பைப் பார்த்தேன். பாவாடை நாடாவும் பட்டுக் கயிறும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிந்திருந்தன. கயிற்றின் அடியில், வலப்பக்கம், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளுத்து, மெலிந்து, பளபளவென்று இருந்தது. அதன் நடுவில் நகத்தளவு ஒரு புண். சிவப்பே இல்லை. நான் அழுத்தினேன். வலிக்கவில்லை என்றாள். அந்தப் பதிலை நான் அதே வீட்டில் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

பிறகு அதே டாக்டரிடம் போனோம். சதை எடுத்துப் பார்த்தார்கள், புற்று இல்லை என்றார்கள். களிம்பை நிறுத்தியதும் அந்த இடம் செக்கச்செவேல் என்று வீங்கி, அம்மாவைத் தூங்கவிடாமல் அரித்தது. அவள் என்னைத் திட்டத் திட்ட, நான் அந்தச் சிவப்பைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். கூட்டம் வந்துவிட்டது, ஆட்கள் இருக்கிறார்கள் என்று இருந்தது. ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று மத்தியானம் எனக்கு எதுவும் தெரியாது.

"கயிற எடும்மா" என்றேன்.

"அது எப்படிடி எடுக்க முடியும்? அது அவருது."

"தளர்த்தியாவது கட்டு."

"தளர்ந்து நழுவிட்டா?" என்றாள். அவள் முகத்தில் இருந்த பயத்தை நான் நன்றாக அறிவேன், என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும். "இது இருக்கிறதுனாலதான் அவரு இருக்கிறாரு. ஒங்க டாக்டருங்க ஆயிரம் சொல்லட்டும். எனக்கு என்னா வேணும்னாலும் ஆவட்டும், இத தொடாத."

தறிச் சத்தம் நின்றதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. கதவு திறந்தது. நைனா நின்றிருந்தார். கையில், இழை வெட்டுகிற கத்தரிக்கோல். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"புடவைய கொஞ்சம் தள்ளு," என்றார் அம்மாவிடம்.

"புதுசு கட்டாம அறுக்கக் கூடாதுங்க. வேற ஒண்ணு முறுக்கிக்கினு வரேன், இருங்க. வேணாங்க." அம்மாவின் வார்த்தைகள் குழறின. பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டாள்.

 நைனா கத்தரிக்கோலின் ஒரு முனையைத் தோலில் படாமல் கயிற்றுக்கு அடியில் கொடுத்தார். முறுக்கின பட்டு, ஒரே வெட்டில் அறவில்லை. இரண்டு மூன்று தடவை நறுக்க வேண்டியிருந்தது. அம்மா இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்திருந்தாள், தள்ளுகிறாளா தாங்கிக்கொள்கிறாளா என்று தெரியவில்லை. கயிறு தரையில் விழுந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"தொறந்து பாரு," என்றார் நைனா. "இங்கதான நிக்கிறேன்."

அவர் தறிக்குப் போய்விட்டார். அம்மா தறிக்கு எதிரே சுவரோரம் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இருமினால் நிமிர்ந்தாள். அறுந்த இழையை முடிச்சுப் போட அவர் கையை நிறுத்தினால் எழுந்தே விட்டாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்கு அந்தப் பயம் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பார்த்தால் நானும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இவ்வளவு படித்தும்.

வெயில் இறங்கின பிறகு நைனா குழியிலிருந்து ஏறி வந்தார். வெற்றிடுப்பில் வேட்டியைச் சரி செய்துகொண்டு, "பசிக்குது. சோறு போடு" என்றார்.

அம்மா எழுந்து போய்ப் போட்டாள். மத்தியானம் பாதியில் விட்ட குழம்பில் உப்புப் போட மறந்திருந்தாள். நைனா இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.